எந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘கிட்’ பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற கேள்விகளுக்குப் பதில் அடுத்த இதழில்.

கிட், கிட் என்று என் பையன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அது என்னதான் செய்கிறது?
— மளிகைக் கடைக்காரர், மேட்டூர் சதுரங்காடி

‘இன்று காலை 8 மணி நிலவரப்படி’ என்று நம் மேட்டூர் அணையின் நீர்மட்டமும் வரத்தும் இருப்பும் வெளியேற்றமும் தினம் பேப்பரில் வருகிறதல்லவா? இன்றைய அளவை எழுதுவதற்காக நேற்றைய அளவை யாரும் அழிப்பதில்லை. உங்கள் பையனின் ஃபோல்டருக்கு அப்படி ஒரு பதிவேடு போட்டு, யார், எப்போது, எதை, எதற்காக மாற்றினார்கள் என்று எழுதி வைப்பதுதான் கிட்டின் வேலை. அதில் ஒரு பதிவுக்குப் பெயர் கமிட். உங்கள் கடைப் பேரேட்டின் ஒழுங்குதான் அது. பையனைத் திட்டாதீர்கள்.

கல்லூரியில் கிட் கட்டாயம் என்கிறார்கள். என்னிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப். கறுப்புத் திரையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எந்த ஜியூஐ (பொத்தான் அமுக்கி வேலை செய்யும் ஜன்னல்) போடட்டும்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.
— கல்லூரி மாணவி, மேச்சேரி

கிட்ஹப் டெஸ்க்டாப்.

பெயர் மட்டும் போதுமென்றால் இத்தோடு அடுத்த கேள்விக்குப் போகலாம். காரணமும் வேண்டுமென்றால் கேளுங்கள், தங்கச்சி. அது இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. திறந்தவுடன் இடது பக்கம் நீங்கள் மாற்றிய ஃபைல்களின் பட்டியல். வலது பக்கம் எடுத்த வரி சிவப்பில், சேர்த்த வரி பச்சையில். கீழே இடது மூலையில் ‘என்ன செய்தேன்’ என்று ஒரு வரி எழுத ஒரு பெட்டி, அதன் அடியில் கமிட் பொத்தான். முதல் ஆறு மாதத்துக்கு இதற்கு மேல் உங்களுக்கு எதுவும் தேவைப்படாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஆகஸ்ட் 13 முதல், கிட் ஃபோல்டர்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் கிட் வேலைகளுக்குச் சாதாரண பாஸ்வேர்டை ஏற்பதில்லை. டெர்மினல் என்ற அந்தக் கறுப்புத் திரையில் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்டி, ‘என் அக்கவுன்ட் கெட்டுப்போச்சு’ என்று அழுத பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். கிட்ஹப் டெஸ்க்டாப் அந்த வேலையை பிரவுசரில் ஒருமுறை லாகின் செய்வதோடு முடித்துவிடும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பிராஞ்சுகள், அதாவது வேலையின் கிளைகள், எங்கே பிரிந்தன, எங்கே சேர்ந்தன என்று படமாகக் காட்டும் வரைபடம் அதில் கிடையாது. அதற்குக் கிட் ஃபார் விண்டோஸைத் தனியாக நிறுவுங்கள். கிட்கே என்ற சின்ன நிரல் கூடவே வரும். ஒரே ரெப்போவை, அதாவது கிட் பதிவேடு உள்ள ஃபோல்டரை, இரண்டிலும் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

கட்டளை தட்டுகிறவன்தான் நிஜமான புரோகிராமர், பொத்தான் அமுக்குகிறவன் இல்லை என்கிறான் என் நண்பன்.
— குமாரபாளையம்

லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியது 2005 ஏப்ரலில். பால் மக்கெராஸ் எழுதிய கிட்கே அதே ஆண்டிலேயே வந்துவிட்டது. லினக்ஸ் கர்னல் எழுதுகிறவர்களுக்கே வரலாற்றைப் படமாகப் பார்க்க ஒரு ஜன்னல் தேவைப்பட்டிருக்கிறது. இதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், தம்பி. கட்டளையும் கற்றுக்கொள்ளுங்கள், ஜியூஐ இல்லாத சர்வரில் ஒருநாள் உட்கார வேண்டிவரும். ஆனால் முப்பது ஃபைல் மாறியிருக்கும்போது எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று வரிவரியாகப் பொறுக்குவதற்குக் கண்ணும் மவுஸும்தான் வசதி.

ஒன்றைப் போட்டுப் பழகிவிட்டு, பிறகு வேறொன்றுக்கு மாறினால் பழைய வரலாறெல்லாம் போய்விடுமா?
— அஸ்தம்பட்டி, சேலம்

போகாது. வரலாறு முழுவதும் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே, புள்ளியில் தொடங்கும் ‘.கிட்’ என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கிறது. ஜியூஐ அதைத் திறந்து காட்டுகிறதே தவிர, தன்னிடம் எதையும் வைத்துக்கொள்வதில்லை. பூங்காவில் நின்று பார்த்தாலும், பவள விழா கோபுரத்தின் மேலேறிப் பார்த்தாலும், 16 கண் பாலத்தில் நின்று பார்த்தாலும் காவிரி ஒன்றுதான். ஜியூஐயை அழித்தால் லாகினும் சில அமைப்புகளும்தான் போகும். ஆனால் ‘.கிட்’ ஃபோல்டரை அழித்தால் எல்லாம் போகும். ‘இது என்ன குப்பை’ என்று யாராவது அதை டெலீட் செய்யப் போனால் கையைப் பிடியுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். தப்பான ஜியூஐயைத் தேர்ந்தால் நஷ்டம் அரைமணி நேரம். எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்தால் நஷ்டம், நேற்று அழித்த வரி தேவைப்படுகிற அன்றைக்குத் தெரியும்.

ஜக்கார்டு சேலைக்கு டிசைன் போடுகிறேன். ‘பார்டர் ஃபைனல்’, ‘பார்டர் ஃபைனல் 2’, ‘பார்டர் கடைசி’, ‘பார்டர் கடைசி நிஜம்’ என்று ஃபோல்டர் நிறையக் கிடக்கிறது. கிட் எனக்கு உதவுமா?
— சேலை டிசைனர், இளம்பிள்ளை

இந்தப் பக்கத்துக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையது. பதிப்புக் கட்டுப்பாடு புரோகிராமர்களுக்கு மட்டும் என்று யார் சொன்னது?

முதலில் உண்மையைச் சொல்கிறேன். கிட்டின் பலம் எழுத்து ஃபைல்களில். இரண்டு பேர் ஒரே எழுத்து ஃபைலை மாற்றினால் பெரும்பாலும் தானே சேர்த்துக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே படத்தை மாற்றினால் சேர்க்கத் தெரியாது. ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஒருவரின் ஒருநாள் வேலை வீணாகும். உங்கள் இடத்தில் இரண்டு மூன்று டிசைனர்கள் இருந்தால் சப்வெர்ஷன் என்ற பழைய பதிப்புக் கட்டுப்பாட்டு முறையையும் அதற்கான டார்ட்டாய்ஸ்எஸ்விஎன்னையும் பாருங்கள். அதில் ‘லாக்’ என்று ஒன்று உண்டு. நீங்கள் ஒரு டிசைனைப் பூட்டி எடுத்தால் மற்றவர் தன் மாற்றத்தை அதன்மேல் ஏற்ற முடியாது. யார் பூட்டினார் என்று பெயரும் காட்டும். தனி ஜன்னல்கூட இல்லை. விண்டோஸ் ஃபோல்டரில் ஃபைல்மேல் ரைட் கிளிக் செய்தால் மெனுவிலேயே வந்து நிற்கும். மாறாத ஃபைலுக்குப் பச்சை டிக், மாறியதற்குச் சிவப்பு ஆச்சரியக்குறி. தறி ஓட்டுகிறவர்கூட ஒரே நாளில் பழகிவிடுவார்.

தனியாக வேலை செய்கிறீர்கள் என்றால் கிட்டும் டார்ட்டாய்ஸ்கிட்டுமே போதும். ரைட் கிளிக் வசதி அதிலும் அப்படியே. டிசைன்களை பிஎம்பியாகச் சேமிக்கிறீர்களா? அது சுருக்கப்படாத வடிவம். நிறம் குறைந்த ஜக்கார்டு டிசைனைக் கிட் நன்றாகவே சுருக்கி வைத்துக்கொள்ளும். ஜேபெக் போல ஏற்கெனவே சுருங்கிய ஃபைல்கள்தான் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய முழு எடையோடு உட்கார்ந்துகொள்ளும். வெளியே கிட்ஹப்பில் ஏற்றுவதானால் ஒரு ஃபைல் 100 எம்பியைத் தாண்டினால் அது மறுத்துவிடும். அப்போது எல்எஃப்எஸ் என்ற துணைக் கருவி வேண்டும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். கமிட் செய்தியில் ‘மாற்றம்’ என்று எழுதாதீர்கள். ‘முந்தியில் மயில் சின்னதாக்கினேன், வியாபாரி கேட்டது’ என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வியாபாரி ‘பழைய மயிலே போடுங்க’ என்பார். அன்றைக்கு அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். அணைக்குள் மூழ்கிய ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறேன். பேரன் கிட் போட்டுக் கொடுத்தான். ஆனால் ஃபைல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்களாக வருகிறது. ஒரு எழுத்தைத் திருத்தினால் பத்தி முழுவதும் சிவப்பாகிறது. தமிழுக்கு இது சரிப்படுமா?
— மேட்டூர் ஆர்.எஸ்.

சரிப்படும், ஐயா. தமிழில் எழுதுகிறவர்கள் ஜியூஐ தேர்வதற்கு இங்கிலீஷ்காரர்களுக்கு இல்லாத சில பரீட்சைகள் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பரீட்சை, பெயர். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘அணை’ என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தால் அ, ண, ஐகாரக் குறி என்று மூன்று குறி, ஒன்பது பைட். கிட் இயல்பாக அவற்றைப் படிக்க முடியாதவை என்று கருதி \340\256\205\340\256\243\340\257\210 என்று காட்டும். நீங்கள் பார்த்த எண்கள் இவைதான். ஃபைல் கெடவில்லை, காட்டும் விதம்தான் அப்படி. ‘கோர்.கோட்பாத்’ என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றச் சொல்லிப் பேரனிடம் கேளுங்கள். இந்தக் ‘கோட்’ மேற்கோளைக் குறிக்கும் இங்கிலீஷ் சொல். ஒருமுறை மாற்றினால் அந்தக் கணினியில் அதற்குப் பிறகு தமிழ்ப் பெயர் தமிழாகவே தெரியும்.

இரண்டாவது, எழுத்தின் உருவம். கிட்கேயும் கிட் கூயியும் டிகே என்ற பழைய கருவியால் ஆனவை. லினக்ஸில் அது பல கணினிகளில் தமிழ் உயிர்மெய்யைச் சேர்த்துக் கட்டாது. கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் என்று நிற்கும். விஎஸ் கோடும் கிட்ஹப் டெஸ்க்டாப்பும் உள்ளே குரோம் பிரவுசரின் எஞ்சினை வைத்திருப்பதால் தமிழ் நன்றாக வரும். உங்களுக்கு நான் சொல்வது விஎஸ் கோட். எழுதுவதும் அதிலேயே, கமிட் செய்வதும் அதிலேயே.

மூன்றாவது, பத்தி. கிட் வரிவரியாகத்தான் ஒப்பிடும். ஒரு பத்தியை என்டர் தட்டாமல் எழுதினால் அதன் கணக்கில் அது ஒரே வரி. ஒரு ஒற்று விழுந்தாலும் பத்தி முழுவதும் சிவந்துவிடும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிப் பாருங்கள். மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவத்தில் எழுதினால் அச்சில் அவை சேர்ந்து ஒரே பத்தியாகிவிடும். வேர்டில்தான் எழுதுவேன் என்றால் டார்ட்டாய்ஸ்கிட் போடுங்கள். இரண்டு பதிப்புகளையும் வேர்டுக்குள்ளேயே திறந்து ஒப்பிட்டுக் காட்ட அதில் வழி இருக்கிறது.

நான்காவதுதான் நுணுக்கமானது. சில நேரம் சிவப்பு வரியும் பச்சை வரியும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். உற்று உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. காரணம் ‘கொ’ போன்ற எழுத்து. ஒரு கீபோர்டு அதை ககரம், ஒகரக் குறி என்று இரண்டாக அனுப்பும்: ஆறு பைட். இன்னொன்று ககரம், கொம்பு, கால் என்று மூன்றாக அனுப்பும்: ஒன்பது பைட். கண்ணுக்கு ஒன்று, கிட்டுக்கு இரண்டு. பேரன் கணினியில் ஒரு கீபோர்டும் உங்கள் கணினியில் இன்னொன்றும் இருந்தால் இந்தத் தொல்லை ஓயாது. இருவரும் ஒரே தமிழ் கீபோர்டுக்கு மாறிவிடுங்கள். இதற்கு வேறு குறுக்குவழி வேண்டாம்.

அவரே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: திருத்தி முடித்த பிறகு பழைய பிரதிகளை எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும்?

ஐயா, நீங்கள் எழுதும் ஊர்களே அதற்குப் பதில். 1934இல் அணை கட்டி முடிந்து தண்ணீர் ஏறியபோது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் உள்ளே போயின. கோடையில் நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போதெல்லாம் அவை வெளியே தலைகாட்டுகின்றன. ஊரே பரிசல் ஏறிப் போய்ப் பார்க்கிறது. நீங்கள் ‘வேண்டாம்’ என்று அடித்த ஒரு பத்தியில்தான் யாரோ ஒரு பாட்டி சொன்ன தெருப்பெயர் இருக்கும். அதைத் தேடி ஒருநாள் வருவீர்கள். கமிட் பட்டியலில் அந்தத் தேதியைத் தொட்டால் போதும், அது அங்கேயே இருக்கும்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான் என்னிடம் இருக்கிறது. ரேம் குறைவு. பாஸ் லினக்ஸ் இருக்கிறது. எது ஓடும்?
— தாரமங்கலம்

அக்காவுக்கோ அண்ணனுக்கோ வந்த லேப்டாப்பாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு கிட் பழக நினைத்தீர்களே, அதுவே பெரிது. கிட்கிராக்கன், கிட்ஹப் டெஸ்க்டாப், விஎஸ் கோட் மூன்றும் எலக்ட்ரான் மேல் கட்டியவை. ஒவ்வொன்றும் ஒரு முழு பிரவுசரைத் தூக்கிக்கொண்டு வரும், உங்கள் லேப்டாப் திணறும். கிட்ஹப் டெஸ்க்டாப்புக்கு அதிகாரபூர்வமான லினக்ஸ் பதிப்பும் இல்லை. பாஸ், டெபியன் வழி வந்தது. அதனால் கிட் கூயி, கிட்கே, கிட் கோலா மூன்றையும் அதன் பேக்கேஜ் மேனேஜரில் தேடுங்கள். கமிட் செய்யக் கிட் கோலா, வரலாறு பார்க்கக் கிட்கே. தமிழ் உருக்குலைந்தால் கவலை வேண்டாம், நிரல் இங்கிலீஷில்தானே இருக்கும்.

‘டிஸ்கார்ட்’ பொத்தானைத் தெரியாமல் அமுக்கிவிட்டேன். காலையிலிருந்து செய்த வேலை காணோம். அவசரம்!
— திருச்செங்கோடு

உங்கள் கடிதம் எனக்கு வந்து சேருவதற்குள் அவசரம் ஆறிப்போயிருக்கும். ஆனாலும் சொல்கிறேன், அடுத்தவருக்கு ஆகும்.

கிட்ஹப் டெஸ்க்டாப் என்றால் முதலில் ரீசைக்கிள் பின்னைத் திறங்கள். டிஸ்கார்ட் செய்ததை அது அங்கேதான் போடும். டார்ட்டாய்ஸ்கிட்டின் ‘ரிவர்ட்’டுக்கும் அந்த வசதி உண்டு. விஎஸ் கோடில் எழுதியிருந்தால் ‘டைம்லைன்’ பகுதியைப் பாருங்கள். 2022 முதல் அது ஒவ்வொரு சேவ்வையும் கிட்டுக்கு அப்பால் தனியாகக் குறித்து வைக்கிறது. அந்த வேலையை ஒருமுறையாவது கமிட் செய்திருந்தால் பயமே இல்லை. ‘ரீஃப்ளாக்’ என்ற பதிவில் 90 நாள் வரை தேடலாம். எந்தப் பிராஞ்சிலும் ஒட்டாத கமிட் என்றாலும் 30 நாள் இருக்கும். கமிட்டும் இல்லை, ஸ்டேஜும் (கமிட்டுக்கு எடுத்து வைப்பது) செய்யவில்லை, இந்த மூன்றிலும் இல்லை என்றால், அது போனது போனதுதான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு கடைக்குப் பில் போடும் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஒரே ஒரு ஃபைலைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக நினைத்து, எல்லா ஃபைலும் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் அமுக்கினேன். அந்த ஜியூஐ ‘நிச்சயமா?’ என்று கேட்கவில்லை. ஐந்து மணி நேர வேலை போயிற்று. மறுநாள் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். அன்றிலிருந்து எந்த ஜியூஐயை யாருக்குச் சொன்னாலும் முதலில் ஒரு சோதனை ஃபோல்டரில் டிஸ்கார்டை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டு அழிக்கிறதா, அழித்ததை எங்கே வைக்கிறது? அழகான ஐகான்களைவிட இந்த இரண்டு கேள்விக்கும் வரும் பதில்தான் முக்கியம்.

மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தால் நல்ல ஜியூஐ தானே தீர்த்துவிடுமா?
— சங்ககிரி

தீர்க்காது, தீர்க்கவும் கூடாது. லாரி வாடகைக் கணக்கில் டன்னுக்கு 900 ரூபாய் என்று இருந்த வரியை நீங்கள் 950 என்று மாற்றியிருக்கிறீர்கள், உங்கள் கூட்டாளி 920 என்று மாற்றியிருக்கிறார். எது சரி என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? நல்ல ஜியூஐ உங்களுடையது, அவருடையது, இரண்டுக்கும் முந்தைய பொதுவானது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். மெல்ட், கேடிஃப்3 இரண்டும் அதற்கென்றே இருப்பவை, இலவசம். அதன் பிறகு கூட்டாளிக்கு ஒரு போன் போடுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா?
— ராசிபுரம்

தினம் எட்டு மணி நேரம் கிட்டோடு பிழைப்பவர் என்றால் இருக்கிறது. சப்லைம் மெர்ஜ் பெரிய ரெப்போவையும் சட்டென்று திறக்கும், நாள் கெடு இல்லாமல் சோதித்துப் பார்க்க விடுகிறது. ஃபோர்க் விண்டோஸிலும் மேக்கிலும் நன்றாக ஓடும். கிட்கிராக்கனில் பொதுவில் இருக்கும் ரெப்போவுக்குக் காசு இல்லை, தனியார் ரெப்போ என்றால் காசு. சோர்ஸ்ட்ரீ இலவசம். மாணவர் யாரும் இதற்காக ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை.

பழகிப் பார்க்க, தமிழ் சம்பந்தப்பட்ட ரெப்போ ஏதாவது இருக்கிறதா?
— நாமக்கல்

‘ஓபன்-தமிழ்’ என்ற பைத்தான் நூலகம் கிட்ஹப்பில் இருக்கிறது. தமிழை எழுத்தெழுத்தாகப் பிரிக்கத் தெரிந்தது. ‘மேட்டூர்’ என்று கொடுத்தால் மே, ட், டூ, ர் என்று நான்கு எழுத்து தரும்; சாதாரண பைத்தான் அதையே எட்டு என்று எண்ணும். உங்கள் ஜியூஐயில் அதைக் குளோன் செய்து (நகல் எடுத்து) வரலாற்றில் பின்னால் பின்னால் போய்ப் பாருங்கள். யார் எந்த வரியை எதற்காக மாற்றினார்கள் என்று பத்து கமிட் படித்தால், பத்து வகுப்பில் கிடைக்காத பழக்கம் வரும். கணியம் அறக்கட்டளையின் ரெப்போக்களும் அங்கேயே இருக்கின்றன. ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் திருத்தி அனுப்புங்கள். முதல் பங்களிப்பு அப்படித்தான் தொடங்கும்.

வாசகர்களுக்கு: கிட் பற்றிக் கேள்வி அனுப்பும்போது விண்டோஸா லினக்ஸா, எவ்வளவு ரேம், எந்த ஜியூஐ என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். திரையில் வந்த எர்ரரை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லாமல் அப்படியே போட்டோ எடுத்து இணையுங்கள். அதற்கு முன்னால், இன்றைய வேலையைக் கமிட் செய்துவிடுங்கள்.